செயற்கைக் கால்: காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

(நமது மாதர் பிரிவும் சுகாதாரக் குழுவும் சேர்ந்து நடத்திய கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீட்டுக்காணி, தேயிலை மலை காடாகிக் கிடப்பது என்று பேச எவ்வளவோ இருக்கும்போது செயற்கைக் காலைப் பற்றி என்ன பேச்சு என்று வரும் வழியில் ஒரு தலைவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நாங்கள் இந்தப் பேச்சை எடுத்ததற்குக் காரணம், போன மழைக்காலத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் பார்த்த ஒரு கால்.

அந்த அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சுகர் வருத்தம். காலில் ஒரு சின்னப் புண், அட்டை கடித்ததா, குச்சி குத்தியதா என்று அவருக்கே தெரியாது. புண் பெருத்து, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டவுணில் யாரோ சொல்லி ஒருவர் தேடி வந்திருக்கிறார். இஸ்தோப்பில் வைத்து அளவு நாடாவால் நல்ல காலையும் வெட்டிய காலையும் அளந்து, முற்பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து, சீட்டுக்காசையும் முன்கூட்டியே எடுத்து, மிச்சத்துக்குக் கிழமைக் கடன் வாங்கிக் காசு கட்டினார்கள். மூன்று கிழமையில் கால் வந்தது. பார்க்க நல்ல அழகான கால். முதல் இரண்டு மாதம் பிடித்துப் பிடித்து நடந்திருக்கிறார். பிறகு கால் உள்ளே ஆட ஆரம்பித்தது. ஒரு சொக்ஸ், இரண்டு சொக்ஸ், நாலு சொக்ஸ் போட்டும் நிற்கவில்லை. உள்ளே தோல் உரிந்து மறுபடி புண். விற்றவரின் போன் வேலை செய்யவில்லை. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அதில் தொகையும் கையெழுத்தும் இருந்தன, விலாசம் இல்லை. கால் கட்டிலுக்கடியில். கடன் மட்டும் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

அவரை ஏமாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு கால் எப்படிச் செய்யப்படுகிறது, என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அப்போது எங்களுக்கே தெரியாது. அதற்குப் பிறகு கிளினிக்குகளில் விசாரித்து, கால் போட்டு நடக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்கிறோம்.

முதலில் ஒன்று. செயற்கைக் கால் செருப்பு மாதிரி நம்பர் பார்த்து வாங்குகிற சாமான் அல்ல. முழங்காலுக்குக் கீழே போடுகிற கால் என்றால் அதில் முக்கியமாக மூன்று பகுதி. மேலே நம்முடைய மிஞ்சிய கால் போய் உட்காருகிற குழி, அதை 'சொக்கட்' என்பார்கள். நடுவில் கணைக்கால் மாதிரி ஒரு குழாய். கீழே பாதம். விற்கிறவர்கள் காட்டுவதெல்லாம் பாதத்தை. இது ஜெர்மனி, இது கார்பன், இது ரப்பர் என்பார்கள். ஆனால் நடக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது சொக்கட். உடம்பின் முழுப் பாரமும் அதற்குள்தான் இறங்குகிறது. பாரம் வெட்டிய நுனியில் இறங்கக் கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரிலும் காலின் பக்கங்களிலும் இறங்க வேண்டும். எலும்பு துருத்துகிற இடங்களில் அழுத்தாமல் இடம் விட வேண்டும். அளவு நாடாவால் இதைச் செய்ய முடியுமா? வழக்கமான முறை, மிஞ்சிய காலுக்கு மாக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சைத் திருத்தி, அதன் மேல் சொக்கட்டை வார்ப்பது. இப்போது சில இடங்களில் கம்ப்யூட்டரால் உருவம் எடுக்கிறார்கள், அதுவும் சரியே. நாடாவை மட்டும் வைத்து அளக்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். இன்றைய கூட்டத்திலிருந்து இந்த ஒன்றை மட்டும் கொண்டுபோனாலும் போதும்.

இரண்டாவது, அவசரம். கால் போனவர் வீட்டில் எல்லோருக்கும் அவசரம். எப்படியாவது எழுந்து நிற்க வைத்துவிட வேண்டும், பேர் விழ வேண்டும், ஊர் வாயை மூட வேண்டும். ஆனால் வெட்டிய கால் முதலில் வீங்கியிருக்கும். புண் நன்றாக ஆற வேண்டும். சுகர் உள்ளவருக்கு இன்னும் நாள் பிடிக்கும். ஆறிய பிறகும் அந்தக் கால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். முதல் வருஷத்தில்தான் அதிகம் சுருங்கும். அதனால் முதல் கால் எப்போதுமே தற்காலிகமான கால் மாதிரிதான். அதன் சொக்கட்டை மாற்ற வேண்டி வரும் என்று தெரிந்தே போட வேண்டும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். வீக்கத்தோடு அளந்த கால் வீக்கம் வற்றியதும் ஆடியது. விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லவில்லையோ, தெரியாமலே தொழில் செய்தாரோ, எங்களுக்குத் தெரியாது. எப்படியானாலும் அடகு வைத்தது அவருடைய தோடல்ல.

காத்திருக்கிற மாதங்களில் சும்மா இருக்கக் கூடாது. இங்கே நம் வீடுகளில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது, அதை எத்தனையோ இடங்களில் கண்ணால் பார்த்தோம். நோயாளியைப் பாசத்தோடு ஸ்டூலில் உட்கார வைத்து, காலுக்கடியில் தலையணை கொடுத்து, நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம். முழங்கால் மடிந்தபடியே இறுகிப்போகிறது. இறுகிய முழங்காலுக்கு எவ்வளவு விலை உயர்ந்த காலையும் சரியாகப் பூட்ட முடியாது. ஆகவே தலையணை வேண்டாம். உட்காரும்போது ஒரு பலகையை நீட்டி அதன் மேல் காலை நேராக வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சிறிது நேரம் குப்புறப் படுத்தால் இடுப்பும் மடங்கி இறுகாது. கிளினிக்கில் கிரேப் பெண்டேஜ் சுற்றக் காட்டித் தருவார்கள். எட்டுப் போட்டமாதிரி குறுக்கே சுற்ற வேண்டும், நுனியில் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. வளையல் மாதிரி வட்டமாகச் சுற்றினால் ரத்தம் தடைப்படும். வீட்டில் ஒருவராவது அதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அங்கே சிங்களத்தில் சொல்வது விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனிப் பாதத்துக்கு வருவோம். நம்முடைய நிலம் கொழும்பு நிலம் அல்ல. லயத்துக்கு ஏறப் படி, இறங்கப் படி, நடுவில் கான், மழை பெய்தால் வழுக்கல் மண். வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, கோயிலுக்குள் போடுவதில்லை. கக்கூஸ் குந்தி இருக்கிற கக்கூஸ். இதெல்லாம் வாங்கும் காலைத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள்.

வெளிநாட்டு முறையில் செய்கிற சாதாரணப் பாதங்களில் பல, சப்பாத்துக்குள் போடுவதற்கென்றே செய்யப்பட்டவை. சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்ப அதைப் பூட்டியிருப்பார்கள். அதோடு வெறுங்காலில் நின்றால் உடம்பு பின்னால் சாயும். சப்பாத்தை மாற்றினாலும் நடை மாறும். கணுக்கால் மடங்காது, குந்துவது கஷ்டம். இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி.கே. சேத்தியும் வேறொரு பாதத்தை உருவாக்கினார்கள். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்ல, சிற்ப வேலை தெரிந்தவர். ரப்பரில் உண்மையான பாதம் மாதிரி விரலோடு செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், பலருக்குக் குந்தி உட்காரவும் முடியும். 'ஜெய்ப்பூர் கால்' என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான். விலை குறைந்தது என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். நம் மாதிரி நிலத்தில் நடக்கிறவர்களை நினைத்துச் செய்த பாதம் அது. ரப்பர் தேயும், சில வருஷத்தில் மாற்ற வேண்டும், கொஞ்சம் பாரம். இந்தக் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்பன் பாதங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். இளம் பிள்ளைகள், வேகமாக நடக்கிறவர்கள், விளையாடுகிறவர்களுக்கு அது நல்லது. மிதிக்கும்போது வளைந்து, தூக்கும்போது தள்ளிக் கொடுக்கும். ஆனால் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை டொலரோடு ஏறும். வாங்கும்போது கேளுங்கள், இது நனையலாமா, சேறு உள்ளே போனால் என்ன செய்வது, ஓர் ஆணி கழன்றால் யார் பூட்டுவார்கள், எங்கே வர வேண்டும் என்று. மகன் கப்பலில் இருந்து காசு அனுப்புகிறார் என்பதற்காக எழுபது வயதுப் பாட்டிக்கு ஓட்டக்காரரின் பாதம் வேண்டியதில்லை.

முழங்காலுக்கு மேலே வெட்டியிருந்தால் முழங்கால் மூட்டும் சேர்த்து வாங்க வேண்டும். அங்கே விலையும் கூடும், ஆபத்தும் கூடும். நடக்கும்போது பூட்டிக்கொள்கிற மூட்டும் உண்டு, தானாக மடிந்து நீளுகிற மூட்டும் உண்டு. பூட்டுகிற மூட்டில் நடை விறைப்பாக இருக்கும், ஆனால் வயதானவருக்கு அதுதான் பத்திரம். செயற்கை முழங்காலோடு மலை ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஆகவே வாங்குகிற இடத்தில் சமதரையில் இரண்டு எட்டு நடந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். சரிவு எங்கே, படி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்தில் எங்காவது கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

ஸ்டோரில் ரோலரில் கை போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வைக்கு மட்டுமான கை உண்டு, தோளில் வார் போட்டு இழுத்துத் திறந்து மூடுகிற கொக்கி உண்டு, பெற்றரியில் வேலை செய்கிற கை உண்டு. பார்வைக்கான கையைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அதால் கொழுந்து பறிக்க முடியாது, சாக்குப் பிடிக்க முடியாது. கொக்கி பார்க்க அழகில்லை என்று நம்மவர்கள் வேண்டாம் என்கிறார்கள், ஆனால் வேலைக்கு உதவுவது அதுதான். எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கையை இழந்தவரே சொல்லட்டும், மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டாம்.

இப்போது காசு. காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால், காசில்லாமல் கிடைக்கும் வழியைக் கேட்டுப் பார்த்தீர்களா? கால் எடுத்த ஆஸ்பத்திரியின் கிளினிக்கிலேயே கடிதம் கேட்கலாம். ராகமையில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பில் பிரெண்ட் இன் நீட் சொசைட்டி 1831இல் ஆரம்பித்த பழைய தர்ம ஸ்தாபனம், 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து இல்லாதவர்களுக்குக் கொடுத்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில், 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் இன்னும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளுக்கு விண்ணப்பம் தருவார். கையில் கொண்டுபோக வேண்டியவை டயக்னோசிஸ் காட், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம். டயக்னோசிஸ் காட்டைத் தொலைத்துவிட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர். அதைப் போட்டோப்பிரதி எடுத்து ஒன்றைச் சங்கக் காரியாலயத்தில் வையுங்கள்.

இலவசம் என்றால் அலைச்சல் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஹட்டனிலிருந்து ராகமைக்கு ஒற்றைக் காலோடு பஸ் ஏறுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அச்செடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், நடை பழக இன்னும் நாட்கள். கூடப் போகிறவருக்கும் பேர் இல்லை. தரகர் வீட்டு வாசலுக்கு வரும்போது மனம் அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். இதற்குத்தான் சங்கம் முன்னால் வர வேண்டும். கூடப்போக ஆள், சிங்களம் பேச ஆள், போக்குவரத்துச் செலவு. இந்த மூன்றையும் கிளையின் நலன்புரி நிதியில் செய்யலாம் என்று நாங்கள் தீர்மானம் கொண்டுவருகிறோம், கூட்டத்தின் முடிவில் கையைத் தூக்குங்கள்.

எல்லாம் பார்த்தும் காசு கொடுத்துத்தான் வாங்குவது என்றால், செய்கிறவர் எங்கே படித்தவர் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்தத் தொழிலுக்கு இலங்கையிலேயே பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. ஏற்கெனவே அவரிடம் கால் வாங்கி ஒரு வருஷமாவது நடந்த இரண்டு பேரைக் காட்டச் சொல்லி, அவர்களோடு தனியாகப் பேசுங்கள். சொக்கட் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் காசு இந்த விலைக்குள் அடங்குமா, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டு, விலாசத்தோடு எழுத்தில் வாங்குங்கள். முழுக்காசையும் முன்னால் கொடுக்க வேண்டாம். பாதியையாவது, போட்டு நடந்து பார்க்கும்வரை கையில் வைத்திருங்கள். வளருகிற பிள்ளைக்கு என்றால், பிள்ளை வளர வளரக் காலையும் மாற்ற வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ஒரே தடவையில் பெரிய கடன் எடுத்தால் அடுத்ததற்கு எங்கே போவீர்கள்? ஈ.பி.எஃப். காசு இருக்கிறதே என்று ஒரு தோழர் சொன்னார். வேலை செய்யவே முடியாத நிரந்தர அங்கவீனம் என்றால் வயது வருமுன்னே அதை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கால் போட்டு மறுபடி வேலைக்குப் போகலாம் என்று நம்புகிறவர் முதலில் கை வைக்க வேண்டிய காசு அது அல்ல.

வேலை செய்யும்போது நடந்த விபத்தில் காலோ கையோ போயிருந்தால் கதையே வேறு. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எந்த உறுப்பு எந்த இடத்தில் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் இழப்பு என்று அதிலேயே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த நட்டஈடு நிர்வாகம் கொடுக்க வேண்டியது. தோட்ட நிர்வாகம் 'பாவம், நாங்களே ஒரு கால் வாங்கித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடு' என்று வந்தால் காலை வாங்குங்கள், கையெழுத்தைப் போடாதீர்கள். கால் வேறு, நட்டஈடு வேறு. அந்தக் கடதாசியில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருக்கலாம். எந்தக் கடதாசியாக இருந்தாலும் சங்கத்துக்குக் காட்டிய பிறகுதான் பேனா. விபத்து நடந்த அன்றே துரைக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கால் வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் நாட்களில் கொஞ்ச நேரம் போட்டு நடந்து, கழற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பாகத் தெரிகிற இடம் பத்து நிமிஷம் அளவில் மறைந்துவிட்டால் சரி. மறையாமல் நின்றால், கொப்புளம் போட்டால், காலைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தவரிடம் போக வேண்டும். பஞ்சு வைத்துச் சமாளிக்கக் கூடாது. சுகர் உள்ளவருக்கு வலி தெரியாது, ஆகவே வலி இல்லை என்பதை நம்ப வேண்டாம். கீழ்ப்பக்கத்தை முகக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மற்றக் காலையும் அதே கண்ணாடியில் தினமும் பாருங்கள்.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். புண் ஆறும்வரை இரண்டு மாதம் காத்திருந்து, நம் மாதர் பிரிவுத் தங்கச்சி ஒருவர் கூடப்போய், இலவசமாகப் புதிதாக அச்செடுத்துக் கால் போட்டார்கள். மலைக்குப் போகவில்லை, இனிப் போகவும் மாட்டார். தண்ணீர்ப் பீலி வரைக்கும் தானாகப் போய் வருகிறார், பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார். கடனில் இன்னும் பாதி இருக்கிறது. அடகு நகை மூழ்காமல் இருக்க வட்டியை மகன் கட்டிக்கொண்டு வருகிறார்.

பின்வரிசையில் இருக்கிற பாட்டி ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார், இரவில் கழற்றி வைக்க வேண்டுமா என்று. ஆமாம் பாட்டி, கழற்றத்தான் வேண்டும். காலைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் இரவிலேயே செய்யுங்கள், காலையில் கழுவினால் ஈரத் தோல் உள்ளே உரசும். இன்னொன்று, ஊன்றுகோலைக் கட்டிலில் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருக்கிறது என்று நினைத்து எழுந்து விழுந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.